கண்ணாடி இல்லாத வீடு



இந்த வாரச் சிந்தனையை ஓர் அறிக்கையோடு தொடங்குகிறேன். சில வாரங்களுக்கு முன், ஞாயிறு ஆராதனை முடிந்தபின் வழக்கம்போல் ஆலய வாசலில் நின்று எல்லோருக்கும் கைகொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தேன். விடுமுறைக்கு ஊர் வந்திருந்த கல்லூரி மாணவி ஒருத்தி வந்தாள். குழந்தைப் பருவத்திலிருந்து நான் அறிந்த பிள்ளை. "என்னம்மா, விடுதிச் சாப்பாடு நன்றாக ஒத்துக்கொண்டது போலிருக்கிறதே!" என்றேன். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அடுத்த இரண்டு வாரங்கள் அவள் ஆராதனைக்கு வரவில்லை. இரவு உணவையும் நிறுத்திவிட்டாள் என்று அவளுடைய தாயார் தயங்கித் தயங்கிச் சொன்ன பிறகுதான், என் வேடிக்கைப் பேச்சு எங்கே போய்த் தைத்தது என்று புரிந்தது. அவர்கள் வீட்டுக்குச் சென்று அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை ஐயா" என்றாள். ஆனால் தலை நிமிரவில்லை.

திரும்பி வரும் வழியெல்லாம், நமக்கு அருகிலுள்ள கொல்லிமலையில் வாழ்ந்த ஒரு மூதாட்டியும், வேலூரில் பணிசெய்த அவருடைய மகனும் என் நினைவில் நின்றார்கள். உடலைப் பற்றி இவ்விருவரும் நமக்கு விட்டுச்சென்ற பாடத்தை இந்த வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

அயோத்தியாப்பட்டணத்திலிருந்து இராசிபுரம், சேந்தமங்கலம் வழியாகக் காரவள்ளி அடிவாரத்தை அடைந்து, எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இன்று நாம் பேருந்திலேயே கொல்லிமலை ஏறிவிடுகிறோம். நூறு ஆண்டுகளுக்கு முன் அந்தச் சாலை இல்லை. கால்நடையாக ஏறவேண்டும், அல்லது டோலியில் சுமந்து செல்லப்படவேண்டும். அப்படி ஏறியவர்களே ஜெசி பிராண்டும் அவருடைய மனைவி எவலினும். 1913-ஆம் ஆண்டு திருமணமான கையோடு அவர்கள் மலைவாழ் மக்கள் நடுவே குடியேறினார்கள். எவலின் 1879-இல் பிறந்தவர். இலண்டனில் வசதியான வணிகக் குடும்பத்தின் மகள். ஓவியக்கலை பயின்றவர். இளமையில் தாயார் பேரழகியாக இருந்தார் என்று அவருடைய மகன் பின்னாளில் எழுதியிருக்கிறார்.

கொல்லிமலையில் அன்று மலேரியாவும் வயிற்றுப்போக்கும் மட்டுமல்ல, நரம்புச் சிலந்தி என்னும் கொடிய நோயும் இருந்தது. குடிநீரோடு உடலுக்குள் செல்லும் புழு ஏறக்குறைய ஓராண்டு வளர்ந்து, பெரும்பாலும் காலில் கொப்புளமாகி வெளியே வரும். எரிச்சல் தாங்காமல் நோயாளி படிக்கிணற்றில் இறங்கிக் காலை நனைப்பார். அப்போது புழு தன் குஞ்சுகளை நீரில் விடும். அதே நீரை ஊரார் மொண்டு குடிப்பார்கள். ஜெசி பிராண்ட் முழுப் படிப்புப் படித்த மருத்துவர் அல்லர். இலண்டனில் மிஷனெரிகளுக்காக நடந்த ஓராண்டு மருத்துவப் பயிற்சியை மட்டுமே பெற்றிருந்தார். அந்தப் பயிற்சியைக் கொண்டு, வெளிவரும் புழுவைச் சிறு குச்சியில் நாள்தோறும் சிறிது சிறிதாகச் சுற்றி, அறுந்துபோகாமல் எடுத்தார். யாரும் கிணற்றுக்குள் காலை வைக்காமல் வெளியே நின்று நீர் சேந்தவேண்டும் என்று ஊர் ஊராகச் சென்று கற்பித்தார். ஆத்துமாவைப் பற்றிப் பிரசங்கித்தவர்கள் காலையும் கிணற்றையும் மறக்கவில்லை.

1929-இல் ஜெசி பிராண்ட் கருநீர்க் காய்ச்சலால் மலையிலேயே மரித்தார். மலேரியா முற்றி, சிறுநீர் கறுத்துப்போகும் காய்ச்சல் அது. எவலினுக்கு அப்போது ஐம்பது வயது. பிள்ளைகள் இருவரும் இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்தார்கள். சிறிது காலம் அங்கே சென்றிருந்த எவலின் மீண்டும் இந்தியாவுக்கு வந்தார். எழுபதை நெருங்கிய வயதில் மிஷன் சங்கம் அவருக்கு ஓய்வு கொடுத்தது. அவரோ ஊர் திரும்ப மறுத்து, சங்கத்தின் ஆதரவின்றியே கொல்லிமலைக்கு ஏறினார். பச்சைமலை, கல்வராயன்மலை, சித்தேரி முதலிய மலைகளுக்கும் சென்றார். கொல்லிமலையோடு சேர்த்து ஐந்து மலைத்தொடர்களில் ஊழியம் செய்யவேண்டும் என்பது அவரும் கணவரும் இளமையில் கண்ட கனவு.

அவருடைய உடலின் கதையைக் கேளுங்கள். மட்டக்குதிரையிலிருந்து பலமுறை விழுந்தார். எழுபத்தைந்து வயதளவில் இடுப்பெலும்பு முறிந்தது. பின்னர் கால்கள் சரிவர இயங்காமற்போகவே, இரண்டு மூங்கில் கோல்களை ஊன்றி நடந்தார். நடக்க முடியாத தூரத்துக்கு இருபுறமும் ஆட்கள் தாங்கக் குதிரையில் சென்றார். மகன் ஓய்வெடுக்கும்படி மன்றாடியபோது, தேவனுக்குப் பயன்படாவிட்டால் இந்தப் பழைய உடலைப் பத்திரப்படுத்தி என்ன பயன் என்னும் பொருள்பட மறுமொழி சொன்னார். இன்று உடற்பயிற்சி என்றால் பணம் கட்டிச் செல்லும் கூடம் நம் நினைவுக்கு வருகிறது. அதில் தவறில்லை. ஆனால் யாரைச் சந்திக்க நம் கால்கள் நடக்கின்றன என்னும் கேள்வியை இந்த மூதாட்டி நம்மிடம் கேட்கிறார்.

வாழ்நாளின் கடைசி இருபது ஆண்டுகள் அவர் தம் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை. வெயிலும் காய்ச்சலும் அந்த முகத்தைச் சுருக்கங்களால் நிரப்பியிருந்தன. தலைமுடி மெலிந்துபோயிருந்தது. ஆனால் மலைக் கிராமத்தில் அவரைச் சூழ்ந்து அமர்ந்து கேட்ட மக்களின் ஒளிரும் முகங்களே தாயாருக்குக் கண்ணாடியாக இருந்தன என்று மகன் எழுதுகிறார். 1974 டிசம்பரில், தொண்ணூற்றைந்தாம் வயதில் அவர் மரித்தார். சவப்பெட்டி இல்லாமல், எளிய பருத்தித் துணியில் சுற்றி, கொல்லிமலை மண்ணில் அவரை அடக்கம் செய்தார்கள்.

சரி, அப்படியானால் கண்ணாடி பார்ப்பது பாவமா? வீட்டுக் கண்ணாடிகளை எல்லாம் கழற்றிவிடலாமா? அந்தக் கல்லூரிப் பிள்ளையிடம் போய், "தோற்றத்தைப் பற்றிக் கவலைப்படாதே, ஆவிக்குரிய காரியங்களைத் தேடு" என்று அறிவுரை சொன்னால் போதுமா? போதாது என்பதை அதே வீட்டில் பிறந்த மகனின் வரலாறு காட்டுகிறது.

பால் பிராண்ட் 1914-இல் பிறந்தவர். அறுவை மருத்துவராகி 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அடுத்த ஆண்டு செங்கல்பட்டிலிருந்த தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றபோது, மடங்கிச் சுருண்ட விரல்களையுடைய ஒருவரின் கையைப் பிடித்துப் பார்த்தார். பலமில்லாத கை என்று எண்ணியிருந்தவருக்கு, அந்தப் பிடி வலியெடுக்கும் அளவுக்கு இறுகியது. தசைகளில் சில உயிரோடும் வலிமையோடும் இருக்கின்றன என்று அந்த நொடியில் கண்டுகொண்டார். அதிலிருந்து பிறந்ததே, நல்ல தசைநாணை இடம் மாற்றித் தைத்துச் செயலிழந்த விரல்களை மீண்டும் விரியச் செய்யும் அறுவை மருத்துவம்.

ஆனால் குணமான கைகளோடு சென்ற ஓர் இளைஞர் சில காலத்தில் திரும்பி வந்தார். இந்தக் கைகள் பிச்சையெடுக்கவும் உதவவில்லை என்றார். கை நன்றாக இருப்பதால் பிச்சை கிடைக்கவில்லை. முகத்தில் நோயின் அடையாளம் இருப்பதால் வேலையும் கிடைக்கவில்லை. அதன் பின்னரே வேலூரில் நவஜீவ நிலையம் என்னும் இடம் உருவாகி, குணமானவர்கள் கைத்தொழில் கற்றார்கள். முகத்துக்கும் மருத்துவம் தொடங்கியது. சரிந்த மூக்கைச் சீர்ப்படுத்தினார்கள். தொழுநோயில் புருவம் உதிர்ந்துவிடும், அதைக் கண்டே ஊரார் விலகுவார்கள். எனவே தலைத்தோலின் ஒரு சிறு பட்டையை அதன் இரத்தக் குழாயோடு நெற்றித்தோலின் அடியே கொண்டுவந்து புருவமாகத் தைத்தார்கள். தலைமுடி அல்லவா, அது நீளமாக வளரும், கத்தரிக்கவேண்டும். சில நோயாளிகள் கத்தரிக்க மனமில்லாமல், பெருமிதத்தோடு புருவத்தை அடர்ந்து வளரவிட்டார்களாம்!

தாய் கண்ணாடியைத் துறந்தார். மகன் பிறருக்குப் புருவம் தைத்தார். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல என்று நான் நம்புகிறேன். தம் முகத்தைப் பற்றிக் கவலைப்படாமல் இருப்பது அந்தத் தாய் தாமே தெரிந்துகொண்ட விடுதலை. முகத்தின் காரணமாகத் தள்ளப்பட்டவரிடம் "முகம் முக்கியமல்ல" என்று சொல்வதோ கல்நெஞ்சம். எலியாபின் உயரத்தைக் கண்டு சாமுவேல் மயங்கியபோது, மனிதர் பார்ப்பதுபோல் தாம் பார்ப்பதில்லை என்று கர்த்தர் உணர்த்தினார் (1 சாமுவேல் 16). அந்தக் கண்டிப்பு எலியாபுக்குச் சொல்லப்பட்டதல்ல, பார்த்த சாமுவேலுக்கே சொல்லப்பட்டது. ஊழியக்காரனாகிய எனக்கும் அது உரியது.

பால் பிராண்டின் மற்றொரு கண்டுபிடிப்பு என்னை இன்னும் ஆழமாகக் குத்துகிறது. தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி விழுகின்றன என்றே உலகம் நம்பியிருந்தது. அப்படியல்ல, நோய் நரம்புகளைக் கெடுத்து வலியுணர்வை அழிக்கிறது, வலி தெரியாததால் நேரும் காயங்களே கையையும் காலையும் தின்றுவிடுகின்றன என்று அவர் காட்டினார். ஒருநாள் துருப்பிடித்த பூட்டை அவரால் திறக்க இயலவில்லை. நோயாளியான ஒரு சிறுவன் சாவியை வாங்கித் திருப்பித் திறந்துவிட்டான். பார்த்தால் அவன் விரல் எலும்புவரை வெட்டுண்டு இரத்தம் ஒழுகியது. அவனுக்கோ தெரியவே இல்லை. இரவில் உறங்கும்போது எலி கடித்தும் உணராதவர்கள் இருந்தார்கள், அதற்காகவே அவர்களுக்குப் பூனைகள் கொடுக்கப்பட்டன. வலி தேவன் தந்த ஈவு என்று அவர் வாழ்நாளெல்லாம் சொல்லிவந்தார்.

சபை கிறிஸ்துவின் சரீரம் என்றும், ஓர் அவயவம் பாடுபட்டால் மற்றவையும் சேர்ந்து பாடுபடும் என்றும் பவுல் அப்போஸ்தலன் எழுதுகிறார் (1 கொரிந்தியர் 12). அன்று ஆலய வாசலில் ஒரு பிள்ளை காயப்பட்டாள். நான் உணரவில்லை. சிரித்தவர்களும் உணரவில்லை. நோய் அவளுடைய உடல் எடையில் இல்லை, என் மரத்துப்போன நரம்பில் இருந்தது. "ஏன் இப்படிக் கறுத்துப்போனாய்?", "இளைத்துவிட்டாயே, சர்க்கரையா?", "பெண் நல்ல நிறம்தானே?" என்று நாம் அன்பாகவே கேட்கிறோம். பூட்டைத் திறந்த சிறுவனும் அன்பாகத்தான் உதவினான். அன்பு இருந்தும் உணர்வு இல்லையென்றால் இரத்தம் சிந்தும்.

இனி நம் சபைக்கு மிக அருகிலுள்ள காரியம் ஒன்று. நீடித்த சர்க்கரை நோயிலும் பாதத்தின் உணர்வு இதேபோல் மங்கிப்போகிறது. முள் தைத்தாலும் தெரியாது, செருப்புக் கடித்தாலும் தெரியாது. வேலூரில் தொழுநோயாளரின் பாதங்களைக் காக்க நுண்துளை ரப்பர் கொண்டு செய்யப்பட்ட மெத்தென்ற செருப்பே, இன்று எம்.சி.ஆர். செருப்பு என்ற பெயரில் நம்மில் பலர் அணிவது. 1966-இல் அமெரிக்காவுக்குச் சென்ற பால் பிராண்ட், தொழுநோயாளரின் பாதங்களில் கற்ற பாடத்தைச் சர்க்கரை நோயாளரின் பாதங்களுக்கும் பயன்படுத்தினார். நம் சபையில் ஒரு பெரியவர் உள்ளங்காலில் இருந்த புண்ணைப் பல நாள் அறியாமல் நடந்து, ஒரு விரலை இழந்தார். வீட்டில் நாள்தோறும் ஒருவர் பார்த்திருந்தால் அந்த விரல் தப்பியிருக்கக்கூடும்.

ஆகவே இந்த வாரம் இரண்டு காரியங்களைச் செய்வோம். ஒன்று, ஒருவரைச் சந்திக்கும்போது அவருடைய எடையையும் நிறத்தையும் பற்றிப் பேசாமல், "நலமாயிருக்கிறீர்களா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திருப்போம். மற்றொன்று, வீட்டில் சர்க்கரை நோயுள்ள பெரியவர்கள் இருந்தால் இரவில் படுக்கும் முன் அவர்களுடைய பாதங்களைப் பாருங்கள். விரல் இடுக்குகளையும் பாருங்கள். புண்ணோ, சிவப்போ, கொப்புளமோ கண்டால் தாமதிக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். தனியே இருப்பவர்கள் ஒரு சிறு கண்ணாடியைத் தரையில் வைத்து அதன்மேல் உள்ளங்காலைக் காட்டிப் பாருங்கள். மருத்துவர்களே சொல்லும் வழி இது. நம் ஆண்டவர் சீஷர்களின் பாதங்களைக் கழுவியபோது ஒவ்வொரு பாதத்தையும் குனிந்து பார்த்தார் அல்லவா? நம் வீட்டுக் கண்ணாடி இனி அந்த வேலைக்கு உதவட்டும்.

அந்தக் கல்லூரிப் பிள்ளை சென்ற ஞாயிறு ஆராதனைக்கு வந்திருந்தாள். வாசலில் கைகொடுத்து, "வந்ததற்கு மகிழ்ச்சியம்மா" என்று மட்டும் சொன்னேன். இந்த முறை அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

ஜெபிப்போம். எங்களை உருவாக்கின பிதாவே, நீர் எங்களுக்குத் தந்த இந்தச் சரீரத்துக்காக உமக்கு ஸ்தோத்திரம். அதை வெறுக்காமலும், அதற்கு அடிமைப்படாமலும், பிறரிடம் நடந்து செல்ல அதைப் பேண எங்களுக்குக் கிருபை தாரும். மரத்துப்போன எங்கள் இருதயங்களுக்கு மீண்டும் வலியைத் தாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டிக்கொள்கிறோம். ஆமென்.