இரண்டாம் ஹங் துவா: ஒரு போர்க்கப்பலின் வரலாறு

ஃபிரிகேட் என்னும் பெயர் பாய்மரக் காலத்தில் விரைந்து சென்று வேவு பார்த்த போர்க்கலத்திற்கு வழங்கியது. இரண்டாம் உலகப் போரில், வணிகக் கப்பல்களை நீர்மூழ்கிகளினின்று காக்க எழுந்த கலங்களுக்கு அப்பெயரை மீண்டும் சூட்டினர். அவற்றுள் ஒன்று ‘லாக் இன்ஷ்’ என்பது. இந்தோனேசியாவுடன் பூசல் நிகழ்ந்த நாளில், 1964இல், மலேசியக் கடற்படை அதனைப் பெற்று மலாக்கா வீரர் ஹங் துவாவின் பெயரை இட்டது. 1977இல் அப்பெயர் மற்றொரு கப்பலுக்குச் சென்றது. அவ்விரண்டாம் கப்பல் மலேசியாவுக்கென்று கட்டப்பட்டதன்று.

1957இல் விடுதலை பெற்ற ஆப்பிரிக்க நாடு கானா. அதன் அதிபர் குவாமே நிக்ருமா, கடற்படைக்குத் தலைமைக் கலமாகவும் தம் பயணத்திற்கேற்ற சிறப்புக் கலமாகவும் உதவும் ஒரு கப்பலை விரும்பினார். ஸ்காட்லாந்தில், கிளைடு ஆற்றங்கரையில், யர்ரோ நிறுவனத்தார் அதனைக் கட்டினர். வேலை முடியுமுன், 1966 பிப்ரவரி 24இல், படைத்துறையினர் நிக்ருமாவின் ஆட்சியைக் கவிழ்த்தனர். புதிய அரசு கப்பல் வேண்டாமென்றது. 1968இல் கட்டி முடிந்தும் கொள்வாரின்றிக் கிடந்த அதனை, 1972இல் பிரிட்டிஷ் அரசே வாங்கியது. மறு ஆண்டு ‘மெர்மெய்ட்’, அதாவது கடற்கன்னி, என்னும் பெயருடன் அது பணியில் சேர்ந்தது.

அதன் அமைப்பை நோக்குவோம். நீளம் ஏறத்தாழ 103 மீட்டர். எடை 2,300 டன்னளவு. எட்டு டீசல் பொறிகள் இரண்டு சுழல்விசிறிகளை இயக்கின. கொதிகலனில் நீராவி எழும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. சிக்கனமாக எண்ணெய் செலவிட்டு நெடுந்தொலைவு செல்லவும் இயலும். ஆயின் முதன்மைப் படைக்கலம் நான்கங்குல இரட்டைப் பீரங்கி மட்டுமே. ஏவுகணை இல்லை. ஏவுகணை தாங்கிய கலங்கள் பெருகிவந்த அக்காலத்தில் இது பெருங்குறையே.

1976இல் ஐஸ்லாந்துடன் எழுந்த மீன்பிடிப் பூசலில் அது பணியாற்றியது. அவ்வாண்டு செப்டம்பர் 20ஆம் நாள் வடகடலில் பெருந்துயர் நேர்ந்தது. ‘ஃபிட்டில்டன்’ என்னும் சிறிய கண்ணிவாரிக் கப்பல், தபால் பரிமாற்றத்திற்காக மெர்மெய்ட்டின் அருகே நெருங்கிச் சென்றது. இரு கலங்கள் அடுத்தடுத்து விரையும்போது இடைப்பட்ட நீரின் அழுத்தம் மாறுபடும். சிறிய கலம் பெரியதன்பால் இழுக்கப்படும். அவ்வாறே ஃபிட்டில்டன் பெரிய கப்பலின் முகப்பில் மோதிக் கவிழ்ந்தது. 12 பேர் மாண்டனர். அச்சிறு கப்பலின் மாலுமிகளிற் பெரும்பாலோர், வேறு தொழில் செய்துகொண்டே கடற்பயிற்சி பெற்றுவந்த தன்னார்வலர். போரில்லா நாளிலும் கடல் பயின்றவரையே பலிகொள்ளும் என்பதற்கு அந்நிகழ்ச்சி சான்று.

அடுத்த ஆண்டே கப்பல் மலேசியாவை அடைந்து ஹங் துவாவாயிற்று. பின்னர் அது பயிற்சிக் கப்பலாக மாறியது. இளைஞர் கரையில் ஏட்டில் கற்றதை அதன் தளத்தில் கைப்பழக்கமாக்கினர். காற்றையும் நீரோட்டத்தையும் அறிந்து கப்பலைச் செலுத்துவதும், மற்றொரு கலத்தோடு இடைவெளி காத்துச் செல்வதும் ஏட்டால் மட்டும் வருவன அல்ல.

ஒரு தலைவரின் பெருமைக்கென எழுந்த கலம் அவரைச் சுமந்ததேயில்லை. பீரங்கி வலிமையில் பின்தங்கிய அதுவே, வளர்ந்துவந்த ஒரு கடற்படைக்கு மாலுமிகளை ஆக்கித் தந்தது. கப்பலின் பயனை அளக்கப் படைக்கலப் பட்டியல் மட்டும் போதாதென்பதை இவ்வரலாறு காட்டும்.