கார் டிக்கியில் ஓர் எல்லை

எல்லைகள் கரைந்துவிட்டன என்பது ஐரோப்பிய ஒன்றியம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் பெருங்கதையாடல். அதைக் கார் டிக்கிக்குள்ளிருந்து வாசித்துப் பார்ப்பதே என் நோக்கம்.

பின்லாந்தின் ஹெல்சிங்கிக்கும் எஸ்தோனியாவின் தாலினுக்கும் இடையே சுமார் 80 கிலோமீட்டர் கடல். காரையும் ஏற்றிக்கொண்டு போகிற கப்பலில் இரண்டு மணி நேரம். பின்லாந்தில் மதுவுக்குக் கடும் வரி, அக்கரையில் மலிவு. 1995ல் ஒன்றியத்தில் சேர்ந்தபோது பின்லாந்து ஒரு விதிவிலக்கைக் கேட்டு வாங்கியது: பிற உறுப்பு நாடுகளிலிருந்து ஒருவர் வரியில்லாமல் 15 லிட்டர் பீர்தான் கொண்டுவரலாம். 2003 முடிவோடு இந்த விலக்கு காலாவதியானது. 2004 மே 1ல் எஸ்தோனியாவும் ஒன்றியத்தில் சேர்ந்தது.

இனி அளவுகோல் 110 லிட்டர். இது உச்சவரம்புகூட இல்லை. இதற்கு மேல் போனால், 'சொந்த உபயோகத்துக்கா, விற்கவா?' என்று சுங்க அதிகாரி கேட்கலாம், அவ்வளவுதான். ஆக, சோதிக்கப்படுவது சரக்கு அல்ல, கொண்டுவருபவரின் எண்ணம். சாலையில் எடுத்த எல்லைக்கோட்டை அரசு மனிதரின் மனசுக்குள் போட்டுவிட்டது.

டிக்கிகளுக்குப் பயந்த பின்லாந்து அரசு, 2004 மார்ச்சிலேயே மதுவரியைச் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. வெளியே வாங்குவதை இங்கேயே வாங்கட்டும், வரியாவது மிஞ்சும் என்பது கணக்கு. அந்த ஆண்டு மது நுகர்வு சுமார் 10 சதவீதம் கூடியது. மதுவால் நேரும் சாவுகளும் கூடின. பெரும்பாலும் கல்லீரல் நோய். அந்தக் கூடுதல் சாவுகளைப் பிற்பாடு ஆராய்ந்தபோது, அதிகம் செத்தவர்கள் நாற்பது தாண்டியவர்கள், வேலையற்றவர்கள், முன்கூட்டியே ஓய்வூதியத்துக்குத் தள்ளப்பட்டவர்கள் என்று தெரிந்தது. கார் எடுத்துக் கடல் கடக்கிற வசதி இவர்களில் எத்தனை பேருக்கு இருந்திருக்கும்? 2008லிருந்து அரசு வரியை மறுபடி ஏற்றத் தொடங்கியது. போனவர்கள் போனவர்கள்தானே.

மலிவு நாடாக இருந்த எஸ்தோனியாவும் பிறகு இதே இடத்துக்கு வந்தது. 2017ல் அது பீர் வரியை ஒரேயடியாக உயர்த்த, எஸ்தோனியர்களின் கார்கள் தெற்கே லாட்வியாவுக்குத் திரும்பின. 2019ல் எஸ்தோனியாவும் மதுவரியை 25 சதவீதம் குறைத்தது.

இரண்டு நாடுகளிலும் வரியைத் தீர்மானித்தது காரில் போய்வந்தவரின் நடமாட்டம்தான். அந்தத் தீர்மானம் பின்லாந்தில் பாய்ந்தது, எங்கும் போகாமல் பக்கத்துக் கடையில் குடிவாங்கியவர் உடம்பின் மீது. எல்லை கடந்த பீரின் வரலாற்றை எழுதுகிறவர்கள், எல்லையைக் கடக்காத இந்த ஆளிடமிருந்து தொடங்க வேண்டும்.