குருதியமுக்கத்தை அளந்த வரலாறு

குருதியமுக்கத்தை அளக்கும் வழிகள் இரண்டு. நாடியைத் திறந்து உள்ளிருந்து அளத்தல் ஒன்று. புறத்தே நாடியை நெருக்கி அளத்தல் மற்றொன்று. இவற்றுள் முதலாவதே முந்தியது.

இங்கிலாந்தின் ரெடிங்ரன் ஊர்க் குருவாகிய ஸ்ரீபன் ஹேல்ஸ், கட்டிக் கிடத்திய உயிருள்ள குதிரையொன்றின் தொடை நாடியினுட் பித்தளைக் குழாயைச் செலுத்தி, அதனுடன் நீண்ட கண்ணாடிக் குழாயொன்றை இணைத்து நிறுத்தினார். குருதி, இதயத்தின் மட்டத்துக்கு மேல் 8 அடி 3 அங்குலம் உயர்ந்தது. இச்சோதனையை அவர் 1733ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். 1828இல் பாரிசு நகரிலே புவாசேய் என்பார் இரசம் நிரம்பிய வளைகுழாயைக் கையாண்டார். இரசம் நீரினும் ஏறத்தாழ 13.6 மடங்கு பாரமுடையதாதலிற் கருவி சிறுத்தது. நாடியைத் திறக்கும் இன்னல் மாத்திரம் நீங்கவில்லை.

அவ்வின்னலை நீக்கிய முறைகளுள் இன்றும் நிலைபெற்றது, 1896இல் இத்தாலியரான ரீவா-ரொச்சி வெளியிட்ட முறையாகும். அவர் மேற்கையைச் சுற்றிய இறப்பர்ப் பையிற் காற்றூதி, மணிக்கட்டில் நாடித்துடிப்பு மறையும் நிலையை இரசக் கம்பத்திற் கண்டார். இதனால் இதயம் சுருங்கும்போதுள்ள மேலமுக்கமே புலனாயிற்று. 1905இல் உருசிய சத்திர வைத்தியர் கொரொற்கோவ், பைக்குக் கீழே நாடியின் ஒலியைச் செவிமடுத்து, ஒலி தோன்றுமிடத்து மேலமுக்கத்தையும் மறையுமிடத்துக் கீழமுக்கத்தையும் அறியலாமெனக் காட்டினார்.

ஆயின், பெருங் குருதியிழப்பு முதலியவற்றால் அதிர்ச்சிநிலை எய்திய நோயாளியிடம் நாடிகள் ஒடுங்கி ஒலி மழுங்குதலுண்டு. இத்தகையோரிற் சிலரிடம், கைப்பை காட்டும் அளவினும் நாடியினுள்ளே அமுக்கம் மிக்கிருத்தலை அமெரிக்க வைத்தியர் ஜே கோன் 1967இல் எடுத்துக்காட்டினார். ஒலி கேளாமை அமுக்கமின்மைக்குச் சான்றாகாது. இதனையுணராது நாடியை ஒடுக்கும் மருந்தை மிகுத்தால், உறுப்புகளுக்குச் செல்லுங் குருதி மேலுங் குன்றக்கூடும்.

பின்னர் வந்த தன்னியக்கக் கருவி, பையில் எழும் அதிர்வைக் கொண்டு அமுக்கத்தைக் கணிக்கிறது. இதயத்துடிப்பு ஒழுங்கு தவறினும், பை கையின் பருமனுக்குப் பொருந்தாவிடினும் அதன் கணிப்புப் பிழைபடக்கூடும். ஆதலின், கடும் நோயாளருக்கு மணிக்கட்டு நாடியில் நுண்குழாய் செலுத்தித் துடிப்புதோறும் அளக்கும் முறை கையாளப்படுகின்றது. ஹேல்சின் வழியே திருந்திய வடிவில் மீண்டது எனலாம்.

இதுவும் குறையற்றதன்று. குருதிக்கசிவும் கிருமித்தொற்றும் நேரலாம். குழாயிற் பெரிய வளிக்குமிழி தங்கின் மேலமுக்கம் குறைந்து தோன்றும். அளக்குங் கருவி இதயத்தின் மட்டத்திலிருந்து 10 சதமமீற்றர் தாழ்ந்திருப்பின் ஏறத்தாழ 7 மில்லிமீற்றர் இரச அமுக்கம் மிகுத்துக் காட்டும். எனவே, அளவை மாத்திரமன்றி, அஃது எம்முறையாற் பெறப்பட்டது என்பதையும் நோயாளியின் நிலையோடு ஒப்புநோக்குதல் வைத்தியருக்கு இன்றியமையாததாகும்.