விருதுநகர் வட்டார வரலாற்றில் மறுப்பின் மொழி

ஒன்றை இல்லையெனவும் ஏற்க இயலாதெனவும் கூறத் தமிழில் சொற்கள் பலவுள. மறுத்தல், விலக்கல், தள்ளல், நிராகரித்தல் ஆகியன ஒருபொருட் பன்மொழிபோல் தோன்றினும் வழக்கில் ஒன்றல்ல. விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது, வழக்கு தள்ளுபடியாகிறது, குற்றம் சாட்டப்பட்டவர் மறுக்கிறார், ஊர் ஒருவரை விலக்கி வைக்கிறது. எனினும் வரலாற்றின் பெரும் மறுப்புகள் பல இச்சொற்களின் துணையின்றியே நிகழ்ந்துள்ளன. இதனை விளங்கிக்கொள்ள நன்னூலின் விடை வகைகள் உதவும். பவணந்தியார் வகுத்த எட்டு விடைகளுள் 'மறை' ஒன்றே நேரடி எதிர்மறை. ஏவல், வினாதல், உற்றதுரைத்தல், உறுவது கூறல், இனமொழி ஆகிய ஐந்தும் குறிப்பால் விடையாவன. "வருவாயா?" என்ற வினாவிற்குக் "கால் வலிக்கிறது" என்பவர் வர மறுத்தவரே, ஆனால் மறுப்புச்சொல் எதனையும் அவர் வழங்கவில்லை.

1897 மே திங்களில் நாடார் சமூகத்தார் சிலர் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுள் நுழைந்து வழிபட்டனர். கோயிலின் அறங்காவலரான இராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி வழக்குத் தொடுத்தார். சிவகாசியிலும் இதே உரிமை கோரப்பட்டது. அங்குக் கோயில் பூட்டப்பட்டது. 1899 ஜூன் 6-இல் ஊர் தாக்குதலுக்குள்ளானது. அடுத்த மாதமே கமுதி வழக்கில் நாடார்களுக்கு எதிரான தீர்ப்பு வெளிவந்தது. சென்னை உயர் நீதிமன்றம் 1901-இலும் இலண்டன் பிரிவி கவுன்சில் 1908-இலும் அதனையே உறுதிசெய்தன.

இவ்வழக்கில் கவனிக்கத்தக்கது மறுப்பின் வடிவம். "நுழையக் கூடாது" என்னும் ஆணையைவிட "நுழைந்த வழக்கம் இல்லை" என்னும் கூற்றே வலிய வாதமாயிற்று. இது நன்னூலார் குறிக்கும் உற்றதுரைத்தலுக்கு நெருங்கியது. "கூடாது" என்பவரிடம் ஏன் என்று கேட்கலாம். "வழக்கம் இல்லை" என்பவரிடம் அவ்வாறு கேட்பதற்கு இடமில்லை. மெய்ப்பிக்கும் சுமை மறுக்கப்பட்டவர் மேலேயே விழுகிறது. நாடார்கள் தம் சத்திரிய மரபை நிறுவ முனைந்தமைக்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். வழக்கம், வழக்கு என்னும் இரண்டும் ஒரே வேரின என்பது இங்கு ஒரு கசப்பான பொருத்தம். 1939 ஜூலை 8-இல் அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுள் நுழைந்தோருள் நாடார் ஒருவரும் இருந்தார். அவ்வாண்டே கோயில் நுழைவுக்குச் சட்டக் காப்பும் கிடைத்தது.

மறுப்புச் சொல்லாராய்ச்சிக்கு இதனினும் வளமான களம் 1956-இல் விருதுநகரில் அமைந்தது. சென்னை மாநிலத்திற்குத் தமிழ்நாடு எனப் பெயரிடுதல் உள்ளிட்ட 12 கோரிக்கைகளை முன்வைத்து, காந்தியத் தொண்டர் சங்கரலிங்கனார் ஜூலை 27-இல் உண்ணாநோன்பு தொடங்கினார். அக்டோபர் 13-இல் உயிர் நீத்தார். அப்போது முதலமைச்சராக இருந்த காமராசரும் விருதுநகரைச் சேர்ந்தவரே. 'உண்ணா' என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், காலம் காட்டாதது. உண்ணாநோன்பு, உண்ணாவிரதம், உண்ணாநிலை ஆகிய மூன்றிலும் 'மறுப்பு' என்னும் சொல் இல்லை. மறுத்தலுக்குக் கேட்பவர் ஒருவர் வேண்டும். உண்ணாமைக்கு அது வேண்டியதில்லை. சங்க காலத்து வடக்கிருத்தலில் எதிர்மறை உருபும் இல்லை. திசை மட்டுமே சொல்லாகியுள்ளது. ஆயினும் கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தமை எவரிடமும் எதனையும் கேட்பதற்கன்று. சங்கரலிங்கனார் கேட்டார். பழஞ்சொற்களிலிருந்து அவர் நோன்பைப் பிரிப்பது இக்கேட்டலே.

அக்கோரிக்கைக்கு அரசு அளித்த விடை நேரடி மறையாக நிற்கவில்லை. 1961-இல் சட்டமன்றத்தில் பெயர் மாற்றம் மீண்டும் எழுந்தபோது, தமிழில் எழுதுங்கால் 'தமிழ்நாடு' என வழங்கலாம், ஆங்கிலத்தில் 'மெட்ராஸ்' தொடரும் என்ற நிலைப்பாடு மேற்கொள்ளப்பட்டது. "ஆடுவாயா?" என்றதற்குப் "பாடுவேன்" எனும் இனமொழி விடையே இது. கேட்டதற்கு அண்மையான ஒன்றைத் தந்து, கேட்டதைத் தராதுவிடுதல். 1963-இல் மாநிலங்களவையில் பூபேஷ் குப்தா கொணர்ந்த மசோதா தோல்வியுற்றது. அதுவே வெளிப்படையான மறை. 1967 ஜூலை 18-இல் சட்டமன்றத் தீர்மானம் நிறைவேறி, 1969 ஜனவரி 14 முதல் பெயர் நடைமுறைக்கு வந்தது.

அண்மைக் காலச் சான்று சிவகாசியில் கிடைக்கிறது. 2018 அக்டோபர் 23-இல் உச்ச நீதிமன்றம் பட்டாசுக்கு முழுத் தடை விதிக்க மறுத்தது. 'தடை விதிக்க மறுப்பு' என்பது இரு எதிர்மறைகள் இணைந்து உடன்பாட்டுப் பொருள் தரும் தொடர். சிவகாசிக்குச் சாதகமான தீர்ப்பு என்றே படிக்கத் தூண்டுவது. ஆனால் அதே தீர்ப்பு சரவெடியையும் பேரியம் உப்புகளையும் விலக்கியது. பச்சை நிறத்திற்குப் பேரியமே அடிப்படை. கம்பி மத்தாப்பு முதலிய பல வகைகளின் கலவையிலும் பேரியம் நைட்ரேட் இடம்பெற்றது. எனவே சொல்லளவில் நேர்விடையாக நின்றது, தொழிலளவில் மறையாயிற்று. தீபாவளி முடிந்ததும், நவம்பரில், பட்டாசு ஆலைகள் மூடப்பட்டன. மூடல் மாதக்கணக்கில் நீடித்தது. உரிமையாளர் தரப்பில் அது எதிர்ப்பு எனப்பட்டது. நாட்கூலியை நம்பியிருந்த தொழிலாளர் அதனை "வேலை இல்லை" என்ற இரு சொற்களில் கூறினர்.