ஐஸ்லாந்தைச் சுற்ற எத்தனை நாள் வேண்டும்?

கொஞ்சம் நீளமான பதிவு. காபி டம்ளரோடு உட்கார்ந்து படியுங்கள்.

என் தங்கை மகன் டப்ளினில் வேலை பார்க்கிறான். வரும் செப்டம்பர் முதல் வாரம் அவன் அம்மா, அப்பா, நான் மூவரையும் ஐஸ்லாந்துக்கு அழைத்துப் போவதாகத் திட்டம். வாடகைக்குக் கேம்பர்வேன். வண்டிக்குள்ளேயே படுக்கை, அடுப்பு எல்லாம் உண்டு. போன ஞாயிற்றுக்கிழமை எக்செல் தாளில் திட்டத்தை அனுப்பிவிட்டு போன் செய்தான்.

"மாமா, அங்க ஒரே ரோடுதான். தீவையே சுத்தி வருது. 1,320 கிலோமீட்டர் சொச்சம். ஏழு நாள்னா ஒரு நாளைக்கு 190 கிலோமீட்டர். எட்டாம் நாள் காலையில ஃபிளைட். வழி தவறவே முடியாது."

கணக்கு சரிதான். அவனுக்குக் கணக்கு எடுத்த ஆசிரியர் நல்லவர். நான் எடுத்தது வரலாறு. அதனால் அவனிடம் ஒரு கேள்வி கேட்டேன்: "அந்த ரோடு முழு வட்டமா ஆனது எந்த வருஷம்டா?"

தெரியவில்லை. உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? விடை 1974. நான் அப்போது பள்ளி மாணவன்.

ஐஸ்லாந்தை முதன்முதலில் சுற்றி வந்தவர் கார்தர் ஸ்வாவர்சன் என்ற சுவீடன் நாட்டுக் கடலோடி என்று அந்நாட்டின் பழைய குடியேற்றப் பதிவு நூல் சொல்கிறது. காலம் ஏறத்தாழ கி.பி. 860கள். கப்பலில் சுற்றி வந்து, இது ஒரு தீவு என்று கண்டுகொண்டார். வடக்கே ஹூசவீக் என்ற இடத்தில் குளிர்காலத்தைக் கழித்தார். மரபாகக் கொள்ளும் கணக்கில் 874இல் குடியேற்றம் தொடங்கியது. அன்றிலிருந்து சரியாக 1,100 ஆண்டுகள் கழித்துத்தான் சக்கர வண்டியில் ஒருவர் அந்தத் தீவை முழுதாகச் சுற்றி வர முடிந்தது. கடலில் சுற்றியதற்கும் தரையில் சுற்றியதற்கும் நடுவே பதினோரு நூற்றாண்டு!

தடுத்தது எது? மலை இல்லை. மணல்.

தீவின் தென்கிழக்கே வத்னயோக்குல் என்ற மாபெரும் பனிப்பாளம் இருக்கிறது. பரப்பில் தீவின் பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. அதன் அடியில் எரிமலைகள். பனிக்கு அடியில் நெருப்பு மூண்டால் பனி உருகும், உருகிய நீர் உள்ளேயே தேங்கும், ஒரு நாள் பனியைத் தூக்கிக்கொண்டு வெளியே பாயும். ஐஸ்லாந்து மொழியில் இதற்கு 'யோக்குல்லாப்' என்று பெயர். பனியாற்றின் ஓட்டம் என்று பொருள். இப்படி வெள்ளம் வெள்ளமாக வந்து கொட்டிய கறுப்பு மணலும் சரளையும் சேர்ந்ததுதான் ஸ்கெய்தரா மணல்வெளி. அதில் ஆறுகள் ஒரே இடத்தில் ஓடாது. இன்று இங்கே, அடுத்த ஆண்டு ஒரு கிலோமீட்டர் தள்ளி.

அந்த மணல்வெளியின் கிழக்கே ஒரு செழிப்பான பகுதி இருந்தது. 1362இல் அங்குள்ள எரிமலை வெடித்து ஊர்களை அழித்தது. பல ஆண்டுகள் ஆளில்லை. மக்கள் திரும்பக் குடியேறியபோது ஊருக்குப் பெயரே மாறிவிட்டது. 'ஒரைவி' என்றார்கள். பாழ்நிலம் என்று அர்த்தம். இன்றும் அதே பெயர்தான். நம் பயணத்தின் மூன்றாம் நாள் இரவு அங்கேதான்.

ஒரைவிக்காரர்கள் ஆற்றைக் கடக்கப் பழக்கிய குதிரைகளை வைத்திருந்தார்கள். வெளியூர்க்காரர் கடக்க வேண்டுமானால் ஆற்றின் அன்றைய போக்கு தெரிந்த உள்ளூர் விவசாயி முன்னே போவார். இருபதாம் நூற்றாண்டில் நாடெங்கும் கார் ஓடியபோதும் இங்கே பாலம் கட்ட முடியவில்லை. ஒரைவியின் ஆட்டிறைச்சி தலைநகர் ரெய்க்யவிக்குக்கு விமானத்தில் போனது. சாலை வருவதற்கு முன்பே விமானம் வந்துவிட்ட ஊர்! காரில் போக வேண்டுமானால் தீவின் வடக்கு முழுவதையும் சுற்ற வேண்டும்.

கடைசியில் 1970களின் தொடக்கத்தில் அரசு துணிந்தது. பணம் திரட்டிய விதம் எனக்கு மிகவும் பிடித்தது. மக்களிடம் கடன் பத்திரம் விற்றார்கள். வட்டிக்குப் பதில் பரிசுக் குலுக்கல், முதல் பத்திரம். நாடு முழுவதும் வாங்கினார்கள். அணை போலக் கரைகளை எழுப்பி, ஆறுகளை ஒழுங்குபடுத்தி, மணலில் பாலங்கள் நின்றன. ஸ்கெய்தரா ஆற்றின் மேல் கட்டியது ஏறத்தாழ 900 மீட்டர் நீளம், நாட்டிலேயே பெரிய பாலம். 1974 ஜூலை 14 அன்று திறப்பு விழா. வளையம் மூடியது.

கதை இதோடு முடிந்திருந்தால் மருமகன் திட்டத்தில் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

1996 செப்டம்பர் கடைசியில் வத்னயோக்குலுக்கு அடியில் எரிமலை வெடித்தது. உருகிய நீர் பனிக்கு அடியில் இருக்கும் கிரிம்ஸ்வோட்ன் ஏரியில் தேங்கிக்கொண்டே போனது. ஒரு மாதத்துக்கு மேல் நாடே காத்திருந்தது. நவம்பர் 5 காலை வெள்ளம் புறப்பட்டது. உச்சத்தில் விநாடிக்கு 45,000 கன மீட்டருக்கும் குறையாது. நம் அணைச் செய்திகளில் வரும் கணக்கில் ஏறத்தாழ 16 லட்சம் கன அடி. வீடு உயரப் பனிக்கட்டிகள் உருண்டு வந்தன. 376 மீட்டர் நீளமுள்ள ஒரு பாலம் முழுதும் போனது. ஸ்கெய்தரா பாலத்தில் ஒரு பகுதி போனது. பல கிலோமீட்டர் சாலை காணாமல் போனது. உயிர்ச்சேதம் ஒன்றுகூட இல்லை. வெள்ளம் வரும் என்று தெரிந்து, மணல்வெளியில் ஆளே இல்லாமல் பார்த்துக்கொண்டார்கள். சில வாரங்களில் தற்காலிகச் சாலை போட்டு மறுபடி வண்டி விட்டார்கள். முறுக்கிய இரும்பு உத்திரங்களை மட்டும் சாலையோரம் நினைவுச் சின்னமாக வைத்திருக்கிறார்கள். நாம் அங்கே கட்டாயம் இறங்கிப் பார்க்க வேண்டும்.

"அது அந்தக் காலம் மாமா" என்றான். சரி, 2011க்கு வருவோம். ஜூலை மாதம், சுற்றுலா உச்சத்தில், மேற்கே முலாக்விஸ்ல் ஆற்றுப் பாலத்தை இதே மாதிரி வெள்ளம் அடித்துப்போனது. பெரிய லாரிகளில் ஆட்களையும் கார்களையும் ஏற்றி ஆற்றைக் கடத்தினார்கள். ஒரு வாரத்தில் தற்காலிகப் பாலம் தயார். கெட்டிக்காரர்கள்தான். ஆனால் அந்த ஒரு வாரத்தில் எத்தனை பேர் விமானத்தைத் தவறவிட்டிருப்பார்கள்?

இதில் இன்னொரு வேடிக்கை. பனிப்பாளம் பின்வாங்கியதால் 2009இல் ஸ்கெய்தரா ஆறு திசை மாறி மேற்கே இன்னொரு ஆற்றோடு போய்ச் சேர்ந்துவிட்டது. நாட்டை இணைத்த அந்தப் பெரிய பாலத்தின் கீழே பெரிதாக நீர் இல்லை. 2017இல் பக்கத்தில் சின்னப் பாலம் ஒன்று கட்டி, பழையதை மூடிவிட்டார்கள்.

இப்போது மருமகனின் எக்செல் தாளுக்கு வருகிறேன். ரெய்க்யவிக்கிலிருந்து தென்கரை வழியாக ஹொப்ன் என்ற ஊருக்கு ஏறத்தாழ 460 கிலோமீட்டர். நடுவில் சாலை அடைபட்டால், ஹொப்னிலிருந்து வடக்கே சுற்றித் திரும்ப 860 கிலோமீட்டர். வெள்ளம்கூட வேண்டாம், காற்று போதும். மணல்வெளியில் பலத்த காற்று அடித்தால் சாலையை மூடிவிடுவார்கள்; மணல் பறந்து வண்டியின் பெயின்ட்டை உரித்துவிடும். கேம்பர்வேன் உயரமான வண்டி, காற்றுக்கு முதலில் ஆடுவது அதுதான். என் தங்கைக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகி ஒன்றரை வருடம். ஒரே மூச்சில் 860 கிலோமீட்டர் அவளை உட்கார வைப்பது என்ன நியாயம்?

"வேணும்னா எங்கயாவது ஓரமா நிறுத்திப் படுத்துக்கலாம் மாமா." அதுவும் முடியாது. 2015 நவம்பரில் நடைமுறைக்கு வந்த இயற்கைப் பாதுகாப்புச் சட்டப்படி, முகாம் இடத்துக்கு வெளியே கேம்பர்வேனில் இரவு தங்க நில உரிமையாளரின் அனுமதி வேண்டும். செப்டம்பர் பாதியில் பல முகாம்கள் மூடிவிடும்.

நான் கேட்டது ஒன்றுதான். ஒரு நாள் சும்மா விடு. மூன்றாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் நடுவே, மணல்வெளியின் பக்கத்தில். காற்று அடித்தால் காத்திருப்போம். அடிக்காவிட்டால் லாக்கி எரிமலையின் குழம்பு ஓடிய இடத்தைப் பார்ப்போம். 1783 ஜூனில் தொடங்கி எட்டு மாதம் ஓடிய குழம்பு அது. தொடர்ந்து வந்த பஞ்சத்தில் நாட்டு மக்களில் ஐந்தில் ஒருவர் மாண்டார்கள். இன்று அதன் மேல் மெத்தை போலப் பாசி படர்ந்திருக்கிறது. வளையச் சாலை அதன் மேலேயே போகிறது. பாசியை மிதிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

அவன் சுலபத்தில் ஒத்துக்கொள்ளவில்லை. லீவு இல்லை, டிக்கெட் மாற்றப் பணம் ஆகும், வடக்கே ஒரு நாளைக் குறைத்தால் வட்டம் முடியாது என்றான். "வட்டம் போடாம வந்தா ஐஸ்லாந்து போனேன்னு எப்படி மாமா சொல்றது?" என்று கேட்டான்.

"1,100 வருஷம் அந்த ஊர்க்காரங்களே ரோட்டுல வட்டம் போடலடா. அவங்களெல்லாம் ஐஸ்லாந்துக்காரங்க இல்லையா?" என்றேன். சிரித்துவிட்டான்.

நேற்று இரவு திருத்திய தாள் வந்தது. எட்டு நாள். கிளம்பும் முன் டப்ளினில் ஊர் சுற்ற வைத்திருந்த ஒரு நாளை எடுத்து இங்கே போட்டிருக்கிறான். நான்காம் நாளுக்கு நேரே 'மாமா நாள்' என்று எழுதியிருந்தான். தங்கை போன் செய்து, "நல்லவேளை அண்ணா, நான் சொன்னா கேட்டிருக்க மாட்டான்" என்றாள்.

உங்களில் யாராவது அங்கே வண்டி ஓட்டியிருந்தால், காற்று எப்படி இருந்தது என்று கமெண்டில் எழுதுங்கள். ஒன்று சொல்ல மறந்தேன்: ஐஸ்லாந்து 1968 மே 26 அன்று இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறிய நாடு. டப்ளினிலும் நம்மைப் போல இடப்பக்கம்தான். ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய பாலங்கள் வேறு வழியில் உண்டு. இதையும் அவனுக்கு இன்று நினைவூட்ட வேண்டும்.