மின்னணுச் சாலை அறிவிப்புப் பலகைகளும் காலடிப்பேட்டையும்

முன்னே உள்ள நெரிசல், விபத்து, பயண நேரம் ஆகியவற்றை ஓட்டுநர்களுக்கு ஒளி எழுத்துகளில் அறிவிக்கும் சாதனம் மின்னணுச் சாலை அறிவிப்புப் பலகை ஆகும்.

தோற்றம்

1950-களில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி கட்டணச் சாலையில் நியான் விளக்குப் பலகைகள் நிறுவப்பட்டன. வேகத்தைக் குறைக்கச் சொல்லும் எழுத்துகள் தேவையானபோது மட்டும் எரிந்தன. காலப்போக்கில் எல்.இ.டி. விளக்குகள் வந்ததும் எந்தச் செய்தியையும் உடனே மாற்றிக் காட்ட முடிந்தது. இந்தியச் சாலைகள் காங்கிரஸ் 2010-இல் இப்பலகைகளுக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது.

ஓட்டுநர்களின் எதிர்வினை

பலகையில் எழுதுவதெல்லாம் நன்மை தரும் என்பதற்கில்லை. டெக்சாஸ் மாநிலத்தில் 2012 முதல் மாதத்தில் ஒரு வாரம் மட்டும் அவ்வாண்டின் சாலை மரண எண்ணிக்கை பலகைகளில் காட்டப்பட்டது. ஜோனதன் ஹால், ஜோஷுவா மாட்சன் ஆகியோர் 2022-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வின்படி, அந்த வாரங்களில் பலகையைக் கடந்த 10 கிலோமீட்டருக்குள் விபத்துகள் 4.5 விழுக்காடு கூடின. திடுக்கிட வைக்கும் செய்தி ஓட்டுநரின் கவனத்தைச் சிதறடிக்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். நெரிசல் அறிவிப்பிலும் ஒரு சிக்கல் உண்டு. அதைப் பார்த்து எல்லோரும் ஒரே மாற்று வழிக்குத் திரும்பினால், அவ்வழியும் அடைபட்டுவிடும்.

காலடிப்பேட்டை

1717 முதல் 1720 வரை சென்னை ஆளுநராக இருந்த ஜோசப் கோலெட் நெசவாளர்களுக்காக அமைத்த 'கோலெட் பேட்டை'யே மக்கள் வாக்கில் காலடிப்பேட்டை ஆயிற்று. இன்று இதன் வழியே திருவொற்றியூர் நெடுஞ்சாலையும், கிழக்கே கடலோரமாக எண்ணூர் விரைவுச்சாலையும் செல்கின்றன. சென்னைத் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் விரைவுச்சாலையில் மணிக்கணக்கில் வரிசையில் நிற்பது இப்பகுதியின் நெடுநாள் துன்பம்.

இங்கே "முன்னே நெரிசல்" என்ற அறிவிப்பால் எல்லோருக்கும் ஒரே பயன் கிடைக்காது. இருசக்கர வண்டிக்காரர் வேறு தெருவில் திரும்பலாம். அலுவலகம் செல்பவர் 2021 பிப்ரவரியில் தொடங்கிய மெட்ரோ ரயிலில் ஏறலாம். லாரி ஓட்டுநரோ துறைமுக வாயிலுக்குத்தான் சென்றாக வேண்டும். உள்தெருக்களில் அவர் வண்டி நுழையாது. வாயிலில் எத்தனை மணி நேரம் காத்திருக்க வேண்டும், வண்டியை எங்கே நிறுத்தலாம் என்ற செய்தியே அவருக்கு உதவும். அது சரியாகத் தெரிந்தால், வரிசையில் சேருமுன் அவர் உண்டு, சற்று உறங்கிக்கொள்ளலாம். அது ஓரிருமுறை தவறானாலோ, மூன்றாம் முறை பலகையை அவர் நிமிர்ந்தும் பார்க்கமாட்டார்.