முன்கணிப்பும் உற்றுநோக்கலும்: எளிய சோதனைகள் கற்பிப்பது எப்போது?

சோதனையைக் கண்ணால் கண்டால் அறிவியல் விளங்கிவிடும் என்ற நம்பிக்கை நம் வகுப்பறைகளில் வலுவாக வேரூன்றியிருக்கிறது. அதை ஐயுற இடமுண்டு. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் கேத்தரின் க்ரௌச், எரிக் மாசூர் முதலியோர் மேற்கொண்டு 2004இல் வெளியிட்ட ஆய்வில், இயற்பியல் செயல்விளக்கம் எதையும் காணாத மாணவர்களில் 22 விழுக்காட்டினர் பின்னர் நடந்த தேர்வில் சரியான விளக்கம் எழுதினர். வெறுமனே பார்த்திருந்தவர்களில் 24 விழுக்காட்டினர். என்ன நிகழும் என்று முன்கூட்டியே கணித்துவிட்டுப் பார்த்தவர்களிடையே அது 30 ஆக உயர்ந்தது. பார்வையைச் சான்றாக மாற்றுவது முன்கணிப்பே என்பது இதிலிருந்து பெறப்படும். ஆனால் காரணத்தோடு சேர்ந்த கணிப்பே அதைச் செய்யவல்லது என்பது இக்கட்டுரையின் வாதம்.

தண்ணீர்த் தட்டில் எரியும் மெழுகுவர்த்தியைக் கண்ணாடிக் குவளையால் மூடும் சோதனையை எடுத்துக்கொள்வோம். சுடர் அணைகிறது, நீர் மேலேறுகிறது. ஆக்சிஜன் தீர்ந்த இடத்தை நீர் நிரப்பியது என்று கூறி முடித்துவிடுவது வழக்கம். நீர் ஏறும் என்று மட்டும் கணித்த மாணவர் தம் கணிப்பு பலித்ததென நிறைவடைவார். தவறான விளக்கம் அப்படியே நிலைக்கும். காரணத்தையும் எழுதியவருக்கோ அடுத்த கணிப்பு தானே பிறக்கிறது. ஆக்சிஜன் குறைவதுதான் காரணமென்றால் சுடர் எரியும்போதே நீர் சீராக ஏற வேண்டும். ஒன்றுக்குப் பதில் மூன்று மெழுகுவர்த்திகள் வைத்தாலும் உயரம் ஏறக்குறைய மாறக் கூடாது. உண்மையில் சுடர் அணைந்த பிறகே நீர் விரைந்து ஏறுகிறது. மெழுகுவர்த்திகள் கூடினால் உயரமும் கூடுகிறது. சூடேறி விரிந்த காற்று குளிர்ந்து சுருங்குவதே முதன்மைக் காரணம் என்பது இப்போது புலனாகும். இரு விளக்கங்களையும் பிரித்துக் காட்டியது, அவை தந்த வேறுவேறு கணிப்புகளே.

தவறாகக் கணித்தவர் அத்தவற்றையே மனத்தில் பதித்துக்கொள்வார், தாம் எதிர்பார்த்ததையே காண்பார் என்பது வலுவான மறுப்பு. எதிர்பார்ப்பு பார்வையைச் சாய்க்கும் என்பது உண்மைதான். ஆயினும் எழுதாமல் விட்டாலும் அந்த எதிர்பார்ப்பு மாணவர் மனத்தில் இருக்கவே செய்கிறது. எழுதியபின்தான் அதைத் தீர்ப்புக்கு உட்படுத்த முடியும். குவளையில் கோடிட்டு நீர்மட்டத்தை அளந்தால் சாய்வுக்கு இடம் குறையும். நேரமில்லை என்ற மறுப்பு இதைவிட மெலிந்தது: மேற்சொன்ன ஆய்வில் கணிப்புக்குக் கூடுதலாகத் தேவைப்பட்டது சுமார் 2 நிமிடமே. 1963இல் ஜப்பானில் இதாகுரா கியோனோபு முன்வைத்த கருதுகோள்–சோதனை வகுப்புமுறை இன்னும் ஒருபடி மேலே சென்று, மாணவர் தம் கணிப்புகளின் காரணங்களை விவாதித்த பிறகே சோதனையைச் செய்ய வைக்கிறது.

தமிழ்நாட்டுப் பள்ளிகளின் வேதியியல் செய்முறை ஏட்டில் ‘சோதனை, காண்பன, அறிவன’ என மூன்று பத்திகள் உண்டு. கண்டதிலிருந்து நேரே அறிவுக்குச் செல்லலாம் என்ற எண்ணமே அந்த அமைப்பில் உறைந்திருக்கிறது. காண்பனவற்றுக்கு முன்பாக ‘எதிர்பார்ப்பது, ஏன்’ என்ற பத்தியைச் சேர்த்து, தவறான கணிப்புக்கு மதிப்பெண் குறைக்காமல் காரணத்தின் தெளிவுக்கு மதிப்பெண் தருவதே இவ்வாதம் கோரும் சீர்திருத்தம்.